46 சதவீதத்தை விட்டுவிட்டு 68ஐ மாற்றினோம்

தீபாவளி லீவுக்கு வந்த அக்கா மகள் பையைக்கூடப் பிரிக்கவில்லை, லேப்டாப்பை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டாள். "மாமா, சார்ஜே நிக்க மாட்டேங்குது. பேட்டரி மாத்தணும், பாருங்க." கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. லேப்டாப் முதலாம் ஆண்டில் வாங்கியது. பக்கத்தில் என்னுடையது கிடந்தது. 2018இல் வாங்கிய 14 அங்குல அலுவலக ரகம், சம்பாத்தியம் முழுக்க அதில்தான். அதுவும் கொஞ்ச நாளாக 35 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று அணைந்துபோகும். சரி, இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

விண்டோஸில் இதற்கு எந்த ஆப்பும் இறக்க வேண்டியதில்லை. கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி (powercfg /batteryreport) கட்டளையைக் கொடுத்து பேட்டரி ரிப்போர்ட் கேட்டால் ஒரு பக்கம் தயாராகும். அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும் என்பது. இன்னொன்று, இப்போது முழுக்க ஏற்றினால் எவ்வளவு கொள்கிறது என்பது. என்னுடையது 60 வாட்‑அவர் பேட்டரி. 60 வாட் இழுக்கும் ஒரு கருவியை ஒரு மணி நேரம் ஓட்டும் அளவு அது. இப்போது கொள்வது 27.4. அதாவது 46 சதவீதம். அவளுடையது 42 வாட்‑அவர், இப்போது 28.6. அது 68 சதவீதம்.

பார்த்தவுடன் யாரும் என்ன சொல்வார்கள்? என் பேட்டரிதான் செத்துக்கொண்டிருக்கிறது, முதலில் அதை மாற்று, பிள்ளையுடையது இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். கடைசியில் நடந்தது நேர்மாறு. அவளுக்கு 5,200 ரூபாய் கொடுத்து ஒரிஜினல் போட்டோம். என்னுடையதில் பழைய பேட்டரியே இருக்கிறது.

காரணம் எளிது. லேப்டாப் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறது என்பதைக் கேட்காமல் இந்தச் சதவீதத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. என்னுடையது மேசையை விட்டு நகர்வதில்லை. மேசையில் கிடக்கும் லேப்டாப்புக்குப் பேட்டரி என்பது ஒரு யுபிஎஸ், அவ்வளவுதான். கரண்ட் போனால் ஃபைலைச் சேமித்து மூடுவதற்குப் பத்து நிமிஷம் தாங்கினால் போதும். என் வேலைக்கு லேப்டாப் சுமார் 12 வாட் இழுக்கிறது. 27.4இல் அந்தக் கடைசி 35 சதவீதத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் 18 வாட்‑அவர் போல. ஒன்றரை மணி நேரம் வரும். எங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த நாளைத் தவிர அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

அவள் கதை வேறு. காலை ஒன்பதுக்கு வகுப்பு தொடங்கினால் நாலு மணி வரை. அறுபது பேர் வகுப்பில் பிளக் பாயிண்ட் நாலு, அதில் ஒன்று எரிந்து கறுத்தது. லேப்டாப் ஒன்பது வாட் இழுக்கிறது என்று வைத்தால் புதிதில் நாலரை மணி நேரத்துக்கு மேல் நின்றது, இப்போது மூன்று மணி நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருக்கும் லேப் வகுப்புக்குத்தான் லேப்டாப் வேண்டும். அது சாப்பாட்டோடு சேர்ந்து படுத்துவிடும். 68 சதவீதம் என்பது தாளில் தேர்ச்சி மதிப்பெண். அவளுக்கு அது ஃபெயில்.

இதற்கு நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பேட்டரி போச்சு என்று நினைக்கும் பலருக்கும் போனது பேட்டரியாக இருக்காது. பிளக் மாட்டியிருக்கிறது, ஆனால் சார்ஜ் ஏறவில்லை என்று காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடாப்டரை. சில கம்பெனி அடாப்டர்களில் முனையின் நடுவே ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும். "நான் இன்ன வாட் அடாப்டர்" என்று லேப்டாப்பிடம் சொல்வது அதுதான். அந்தப் பின் வளைந்தாலோ உள்ளே கம்பி அறுந்தாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. தெரிந்தவர்களிடம் அதே மாதிரி அடாப்டர் ஒன்று வாங்கி அரை மணி நேரம் மாட்டிப் பார்ப்பதற்குச் செலவு ஒரு டீ. இன்னொன்று, காட்டும் கணக்கே தப்பாக இருக்கலாம். பேட்டரிக்குள் இருக்கும் சின்ன சிப் ஒன்றுதான் இந்தச் சதவீதத்தை ஊகித்துச் சொல்கிறது. மாதக்கணக்கில் பிளக்கிலேயே கிடந்தால் அதன் ஊகம் பிசகிவிடும். ஒருமுறை முழுக்க ஏற்றி, தானாக அணையும் வரை ஓட்டி, மறுபடி முழுக்க ஏற்றினால் கணக்கு ஓரளவு நேராகும். என்னுடையதில் அப்படிச் செய்து பார்த்தேன். 35இல் அணைவது 30 ஆனது. அதற்கு மேல் அசையவில்லை. பேட்டரிக்குள் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் செல்லின் உள் எதிர்ப்பு கூடிப்போனால் கொஞ்சம் அதிகமாகச் சக்தி கேட்டவுடன் வோல்டேஜ் சரிந்துவிடும். அதற்குக் கணக்கைத் திருத்தி ஒன்றும் ஆகாது.

பேட்டரி உப்பியிருந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள எந்தக் கணக்கும் வேண்டாம். டச்பேட் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறதா, கிளிக் செய்தால் அமுங்க மறுக்கிறதா, லேப்டாப்பை மேசையில் வைத்தால் நாலு காலும் பதியாமல் ஆடுகிறதா என்று பாருங்கள். உள்ளே எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு உண்டாகி, அப்பளம் மாதிரி தட்டையாக இருந்த செல் பூரி மாதிரி எழும்பியிருக்கும். சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்திவிட வேண்டும். அமுக்கிப் பார்ப்பதோ ஊசியால் குத்தி "காத்தை இறக்குவதோ" கூடவே கூடாது, தீப்பிடிக்கும். அப்புறம் இதைக் குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது. 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளர் பொறுப்பு. வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுப்பது நம் பொறுப்பு.

எங்கள் இரண்டிலும் உப்பல் இல்லை. ஆகவே யோசிக்க அவகாசம் இருந்தது.

முதலில் வந்த யோசனை பேட்டரியையே கழற்றிவிடுவது. திருக்கோவிலூர் பக்கம் சித்தப்பா வீட்டில் ஒரு விலையில்லா மடிக்கணினி இருக்கிறது. 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தம்பி பிளஸ் டூ படித்தபோது கொடுத்தது. அடியில் தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். அந்தப் பேட்டரி செத்து ஏழெட்டு வருஷம் ஆகிறது, லேப்டாப் இன்னும் பாட்டுப் போடுகிறது. ஆனால் நாய் வாலை ஆட்டி வயரைத் தட்டினால் பாட்டு நிற்கும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில், அதை யுபிஎஸ் மோடில் வைத்திருந்தால், கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தக் கண்ணிமைப்பை அடாப்டர் சாதாரணமாகத் தாங்கிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் மேசை லேப்டாப்புக்கு இது மோசமான வழி அல்ல. இப்போது வரும் லேப்டாப்புகளில் பேட்டரி உள்ளே திருகாணிகளுக்குப் பின்னால் இருக்கிறது என்பதும், பழைய மேக்புக் போன்ற சில இயந்திரங்கள் பேட்டரி இல்லாவிட்டால் பிராசஸரின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதும் இதில் உள்ள சிக்கல். உப்பிய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியது வரும் வரை ஓட்ட இது நல்ல ஏற்பாடு. நன்றாக இருக்கும் 46 சதவீதத்தைக் கழற்றி எறிய நான் தயாரில்லை.

அடுத்து, அக்கா மகளே சொன்ன யோசனை: "பவர் பேங்க் வாங்கிக்கறேன் மாமா, போனுக்கும் ஆகும்." நல்ல கேள்விதான். 20,000 எம்ஏஎச் என்று அட்டையில் போட்டிருந்தால் அதை 3.7 வோல்ட்டால் பெருக்க வேண்டும், 74 வாட்‑அவர். லேப்டாப்புக்கு 20 வோல்ட்டாக ஏற்றிக் கொடுப்பதில் கொஞ்சம் சூடாகப் போய்விடும். 60 கைக்கு வந்தால் அதிகம். அதுவே அவள் பேட்டரியை இரண்டு முறை நிரப்பும். விமானத்தில் முன் அனுமதி இல்லாமல் கைப்பையில் கொண்டுபோக 100 வாட்‑அவர்தான் வரம்பு, அதனால்தான் 27,000 எம்ஏஎச் சுற்றளவில் நிறைய பவர் பேங்குகள் நின்றுவிடுகின்றன; பெருக்கிப் பாருங்கள், 99.9 வரும். ஆனால் இதற்கு லேப்டாப் யுஎஸ்பி‑சி வழியாகச் சார்ஜ் ஏறுவதாக இருக்க வேண்டும், பவர் பேங்கும் 45 வாட், 65 வாட் என்று கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அவளுடையது உருண்டை முனை. யுஎஸ்பி‑சி ஓட்டை இருக்கிறது, அதில் பென் டிரைவ் போடலாம், சார்ஜ் ஏறாது. கதை அங்கேயே முடிந்தது. யுஎஸ்பி‑சியில் ஏறும் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதைத் தீவிரமாக யோசிக்கலாம். லேப்டாப்பை மாற்றினாலும் பவர் பேங்க் கூடவே வரும். அரைக் கிலோ கூடுதல் சுமை என்பதை மட்டும் தோளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி பேட்டரி வாங்குவது. ஒரு சனிக்கிழமை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்து, வண்டிகளுக்கு நடுவே உடம்பைக் குறுக்கி நடந்து, நாலு கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரர் என் மாடல் எண்ணைக் கேட்டுவிட்டு நிமிராமலே சொன்னார்: "ஒரிஜினல் வேணுமா, ஒரிஜினல் மாதிரி வேணுமா சார்?" இந்த ஊரில் இவ்வளவு நேர்மையாக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஒரிஜினல் மாதிரி என்பது கம்பேட்டிபிள், அதாவது அதே மாடலுக்குப் பொருந்தும்படி வேறு யாரோ செய்தது. என் மாடலுக்கு 2,400 ரூபாய், ஆறு மாத வாரண்டி. ஒரிஜினல் 5,600, ஒரு வருஷம். விலை வித்தியாசம் பார்த்து மனசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2,400 கொடுத்து வாங்கி வந்து, பின்பக்கத்தில் எட்டுத் திருகாணி கழற்றி, இருபது நிமிஷத்தில் மாட்டினேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரியிலிருந்து இப்படிக் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாட்ட முடிய வேண்டும் என்று விதி வருகிறது. என் லேப்டாப் ஒன்பது வருஷம் முன்கூட்டியே கீழ்ப்படிந்துவிட்டது.

முதல் நாள் ரிப்போர்ட் பார்த்தேன். புதிதில் கொள்வது 60, இப்போது கொள்வது 60. கடைசி இலக்கம் வரை அதே எண். நிஜமான பேட்டரியில் இந்த இரண்டும் பெரும்பாலும் கொஞ்சமாவது முன்னே பின்னே இருக்கும். சந்தேகம் வந்து பழையதையும் புதியதையும் சமையலறைத் தராசில் வைத்தேன். பழையது 238 கிராம். புதியது 190. லேப்டாப் செல்கள் கிலோவுக்கு 250, மிஞ்சிப்போனால் 280 வாட்‑அவர் கொள்ளும் காலம் இது. 190 கிராமில், அதுவும் உறை, சர்க்யூட், வயர் எல்லாம் சேர்த்து, 60ஐ அடக்க முடியாது. ஓட்டிப் பார்த்தேன்: மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 12 வாட் கணக்கில் உள்ளே இருப்பது 40க்குள்தான். சிப்பில் 60 என்று எழுதிவைத்து 40ஐ விற்கிறார்கள். பில் கையில் இருந்ததால் கடைக்காரர் மறுபேச்சு பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

கம்பேட்டிபிள் எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். நண்பர் ஒருவர் போட்டது இரண்டரை வருஷமாக ஓடுகிறது. வாங்குவதானால் மூன்று விஷயம் பார்ப்பேன். லேபிளில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு இந்தியாவில் ஐஎஸ் 16046 தரப்படி பதிவு கட்டாயம், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்க எண் அது. பழையதைக் கையோடு கொண்டுபோய் எடை ஒப்பிட வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் தராசுக்குப் பஞ்சமில்லை. பில் வாங்காமல் கடையை விட்டு இறங்கக்கூடாது.

ஒரிஜினல் என்றால் எல்லாம் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் சோனி செல்கள் இருந்த சுமார் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் தீப்பிடிக்கும் அபாயம் என்று திரும்ப அழைத்தது. 1991இல் லித்தியம் அயன் பேட்டரியை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த சோனிக்கே அந்த நிலைமை. ஆனால் அங்கே திரும்ப அழைக்க ஒரு முகவரி இருந்தது, கணக்கு இருந்தது. என் 190 கிராம் பேட்டரியின் லேபிளில் தயாரித்தவர் பெயரே இல்லை. நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் யார் யாரை அழைப்பது? நான் கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்த முகவரிக்குத்தான்.

ஒரிஜினலில் இன்னொரு பொறி உண்டு. ஏழெட்டு வருஷப் பழைய மாடலுக்கு ஒரிஜினல் கிடைத்தால் அது எப்போது செய்தது என்று பார்க்க வேண்டும். லித்தியம் பேட்டரி பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் கிழடு தட்டும். பாதிக்கும் குறைவான சார்ஜில், 25 டிகிரியில், ஒரு வருஷம் வைத்தால் நாலைந்து சதவீதம் போகும். முழு சார்ஜில் 40 டிகிரியில் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நம் ஊர் குடோனில் மே மாதம் என்ன டிகிரி என்று எல்லோருக்கும் தெரியும். என் மாடலுக்கு ஒரிஜினல் என்று காட்டியதில் 2020 என்று அச்சிட்டிருந்தது. அந்த விலைக்கு அந்தப் பழசு வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்தேன். அக்கா மகளுடைய மாடல் புதியது. சர்வீஸ் சென்டரில் ஐந்து மாதம் முன்பு செய்த சரக்கே கிடைத்தது.

செல் மட்டும் மாற்றித் தருகிறோம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். உருளை வடிவ 18650 செல்கள் போட்ட பழைய பேட்டரிகளில் அது செய்யக்கூடியதுதான், ஸ்பாட் வெல்டிங் மெஷினும் ஒரே மாதிரி செல்களும் இருந்தால். சால்டரிங் அயர்னை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவரிடம் நான் கொடுக்க மாட்டேன். செல்லைப் பிரித்தவுடன் சில பேட்டரிகளின் சிப் தன்னை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். அப்போது புதுச் செல்லும் வீண், காசும் வீண்.

இப்போது ஆண்டுக் கணக்குக்கு வருகிறேன். ஏனென்றால் நான் முதலில் தப்புப் பண்ணியது இங்கேதான். கம்பேட்டிபிள் 2,400, ஒன்றரை வருஷம் ஓடும் என்று வைத்தால் வருஷத்துக்கு 1,600. ஒரிஜினல் 5,600, மூன்று வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 1,870 போல. கிட்டத்தட்ட ஒன்றுதான். விஷயம் என்னவென்றால், அந்த மூன்றாவது வருஷம் லேப்டாப் உயிரோடு இருக்க வேண்டும். என் லேப்டாப்புக்கு ஏழு வயது தாண்டிவிட்டது. கீல் தளர்ந்திருக்கிறது, ஃபேன் கத்துகிறது. எட்டாம் தலைமுறை இன்டெல் என்பதால் விண்டோஸ் 11 ஏறியது, தப்பித்தது. ஏழாம் தலைமுறையாக இருந்திருந்தால், 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததால், லினக்ஸ் போடுவதா இல்லையா என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கும், பேட்டரி அப்புறம். இரண்டு வருஷம் ஓடப்போகும் இயந்திரத்துக்கு மூன்று வருஷ பேட்டரி வாங்கினால் கடைசி வருஷக் காசு தண்டம். அவளுடைய லேப்டாப்புக்கு இது மூன்றாவது வருஷம். படிப்பு முடிந்து முதல் வேலை வரை அதுதான். அங்கே போட்ட ஒவ்வொரு ரூபாயும் ஓடும்.

புதிதாகவே வாங்கிவிடேன் என்று அக்கா கேட்டாள். எனக்கா, அவளுக்கா என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டாள். பழையதைச் சரிசெய்து விற்கும் ரீஃபர்பிஷ்டு வாங்குவதாக இருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பேட்டரி போய்விட்டது என்பதற்காக வாங்கும் அந்த லேப்டாப்புக்குள்ளும் இருப்பது யாரோ நாலு வருஷம் ஓட்டிய பேட்டரிதான். வாங்கும் முன் கடையிலேயே ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். காட்டத் தயங்கினால் நடையைக் கட்டுங்கள்.

இப்போது என் லேப்டாப்பில் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி வைத்திருக்கிறேன். பெரும்பாலான கம்பெனிகளின் சொந்த ஆப்பிலோ, விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் பயாஸ் அமைப்பிலோ இந்த வசதி இருக்கிறது. எப்போதும் பிளக்கில் கிடக்கும் லேப்டாப்புக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. 80இலிருந்து 30 வரை கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லாமல் ஓட்டலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிப்போர்ட், மாதம் ஒருமுறை டச்பேட் மேல் ஒரு ஸ்கேலை வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து போன். "மாமா, லேப் முடிஞ்சும் 31 பர்சன்ட் இருக்கு" என்றாள். அவளுடைய பழைய 68 சதவீதத்தை சர்வீஸ் சென்டரிலேயே வாங்கிக்கொண்டார்கள். என் மேசையில் 46 இப்போது 44 ஆகியிருக்கிறது.